மாட்டுக்கு 12 இலக்க எண், மரவள்ளிக்கு மொபைல் கேமரா: நோய் பரவும் முன் தடுக்குமா சாஃப்ட்வேர்?

நீங்கள் பெங்களூருவிலோ ஓசூரிலோ சென்னையிலோ வேலை பார்க்கலாம். ஊரில், பாலக்கோடு பக்கமோ அரூர் பக்கமோ, அம்மா இரண்டு கறவை மாடு வைத்திருப்பார். அப்பா ஒன்றரை ஏக்கரில் மரவள்ளி போட்டிருப்பார். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது மாட்டின் காதைக் கவனியுங்கள். மஞ்சள் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் வில்லை தொங்கும். அதில் ஒரு பார்கோடும் 12 இலக்க எண்ணும் இருக்கும்.

"மாட்டுக்கும் ஆதார் கொடுத்துட்டாங்களாம்பா" என்று ஊரில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஆனால் அந்த எண் வேடிக்கைக்காக வந்தது அல்ல. ஒரு மாவட்டத்தில் கோமாரியோ தோல் கழலை நோயோ கிளம்பினால், அதை எத்தனை நாளில் மடக்க முடியும் என்பது கிட்டத்தட்ட அந்த எண்ணில் இருந்துதான் தொடங்குகிறது. பயிருக்கும் இதேபோல் ஒரு கண்காணிப்பு வந்திருக்கிறது. அதற்குக் காதுவில்லை கிடையாது, உங்கள் மொபைல் கேமராதான்.

இந்த சாஃப்ட்வேர்கள் என்ன செய்கின்றன? தருமபுரி மாதிரி ஒரு மாவட்டத்துக்கு இதில் என்ன லாபம்? எங்கே ஓட்டை இருக்கிறது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஏன் தருமபுரி?

தருமபுரி பெரிய ஆறுகளின் பாசனத்தை நம்பி வாழும் மாவட்டம் அல்ல. மானாவாரி நிலம் அதிகம். மழை ஏமாற்றினால், வீட்டை ஓட்டுவது பால் காசும் ஆடும்தான். பாலக்கோடு தக்காளி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் பக்கத்து மரவள்ளி, மல்பெரித் தோட்டமும் பட்டுக்கூடும், மா என்று பயிர்களும் கலந்து கிடக்கும். பென்னாகரம் மலையோரத்தில் ஆலம்பாடி இன மாடுகளைப் பட்டி போட்டு மேய்ப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

இன்னொரு விஷயம், போக்குவரத்து. பெங்களூருவையும் சேலத்தையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 44 மாவட்டத்தின் நடுவே ஓடுகிறது. கர்நாடக எல்லை பக்கம். கோபிநாதம்பட்டி கூட்ரோடு, காரிமங்கலம், நல்லம்பள்ளி சந்தைகளுக்குப் பல ஊர்களில் இருந்து ஆடு மாடுகள் வருகின்றன. அன்றைக்கே வேறு பல ஊர்களுக்குப் போகின்றன. வியாபாரத்துக்கு இது வசதி. ஒரு வைரஸுக்கும் இது அதே அளவு வசதி.

நோயைவிட வேகமாக ஓட வேண்டியது எது?

கோமாரியை எடுத்துக்கொள்வோம். கால், வாய்க் காணை என்றும் சொல்வோம். வைரஸ் உள்ளே போனதில் இருந்து அறிகுறி தெரிய சுமார் 2 முதல் 14 நாள் ஆகும். இதில் சிக்கல் என்னவென்றால், வாயில் கொப்புளம் தெரிவதற்கு முன்பே மாடு வைரஸை வெளியே விட ஆரம்பித்துவிடும். அதாவது, பார்க்க நல்லா இருக்கிற மாடு சந்தைக்குப் போய், பத்து மாட்டுக்கு ஒட்டிவிட்டு வர முடியும்.

ஒரு சின்ன கணக்கு போடுவோம். இது புரிவதற்காக மட்டும்தான். ஒரு தொழுவத்தில் இருந்து நான்கு நாளுக்கு ஒருமுறை இரண்டு புதிய தொழுவங்களுக்கு நோய் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்காம் நாளில் இரண்டு, எட்டாம் நாளில் நான்கு, பன்னிரண்டாம் நாளில் எட்டு, இருபதாம் நாளில் முப்பத்திரண்டு தொழுவங்களில் புதிதாக நோய் இருக்கும். எட்டாம் நாளில் தகவல் கிடைத்தால் ஒரு கால்நடை டாக்டரும் உதவியாளரும் சமாளித்துவிடலாம். இருபதாம் நாளில் கிடைத்தால் மாவட்ட நிர்வாகமே இறங்க வேண்டும். மருந்து அதேதான், தடுப்பூசி அதேதான். மாறியது அந்தப் பன்னிரண்டு நாள் மட்டுமே.

பிரிட்டன் இந்தப் பாடத்தை மிக மோசமாகக் கற்றுக்கொண்டது. 2001 பிப்ரவரி 20-ம் தேதி அங்கே கோமாரி உறுதியானது. ஆனால் அதற்கு முன்பே ஆட்டுச் சந்தைகள் வழியாக 50-க்கும் மேற்பட்ட பண்ணைகளுக்கு நோய் போய்விட்டது. ஆடுகளைத் தனித்தனியாக அடையாளம் காண முறையான ஏற்பாடு அப்போது இல்லை. எந்த ஆடு எங்கே போனது என்று தேடுவதற்குள் நாடு முழுக்கப் பரவி, 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. 2007-ல் மறுபடி கோமாரி வந்தது. இந்த முறை உறுதியான அன்றே கால்நடை நடமாட்டத்துக்குத் தடை. மொத்தம் எட்டுப் பண்ணைகளோடு முடிந்தது. இரண்டு பரவலுக்கும் இடையே வேறு வித்தியாசங்களும் உண்டு. என்றாலும் முதல் சில நாட்களின் மதிப்பு என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

சரி, சாஃப்ட்வேர் எங்கே வருகிறது?

இந்த மாதிரி சிஸ்டம் எந்த நாட்டில் இருந்தாலும் ஐந்து வேலைகளைச் செய்யும். அடையாளம், தகவல், ஆய்வகம், முன்கணிப்பு, அவசர நடவடிக்கை. இந்தியாவில் இந்த ஐந்தும் ஒரே ஆப்பில் இல்லை. வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன.

1. அடையாளம்: 'பாரத் பசுதன்'

காதுவில்லையில் உள்ள 12 இலக்க எண்ணுக்குப் பெயர் 'பசு ஆதார்'. முன்பு தேசிய பால்வள வாரியத்தின் 'இனாஃப்' என்ற சிஸ்டத்தில் இது பதிவானது. இப்போது தேசிய டிஜிட்டல் கால்நடை இயக்கத்தின் கீழ் 'பாரத் பசுதன்' தளத்துக்கு மாறியிருக்கிறது. மாட்டின் இனம், வயது, உரிமையாளர், ஊர், போட்ட தடுப்பூசிகள், சினை ஊசி, சிகிச்சை எல்லாம் அந்த எண்ணுக்குக் கீழே சேரும்.

இதைப் பெரிய அளவில் தள்ளியது தடுப்பூசித் திட்டம்தான். 2019 செப்டம்பர் 11-ம் தேதி மதுராவில் தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தைப் பிரதமர் தொடங்கி வைத்தார். ஐந்து ஆண்டுகளுக்கு 13,343 கோடி ரூபாய். குறி இரண்டு நோய்கள்: கோமாரி, கருச்சிதைவு நோய் எனப்படும் புருசெல்லோசிஸ். கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி. புருசெல்லோசிஸுக்கு 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு ஊசி. யாருக்குப் போட்டாச்சு, யாருக்குப் பாக்கி என்று தெரிய வேண்டுமானால் ஒவ்வொரு மாட்டுக்கும் எண் வேண்டும். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாடுகள் மட்டும் 19 கோடிக்கு மேல், எருமைகள் கிட்டத்தட்ட 11 கோடி. நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கிற கணக்கு இல்லை இது.

2. தகவல்: யார் முதலில் சொல்வது?

ஒரு கற்பனை உதாரணம். பாலக்கோடு பக்கத்தில் ஒரு ஊர். ஒரு பசு இரண்டு நாளாகத் தீனி எடுக்கவில்லை, வாயில் எச்சில் ஒழுகுகிறது, நொண்டுகிறது. உரிமையாளர் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்கிறார். டாக்டர் வந்து பார்த்து, காதுவில்லை எண்ணைப் போட்டு, 'கோமாரி சந்தேகம்' என்று பதிவு செய்கிறார். பழைய முறையில் இது மாத அறிக்கையாக ஒன்றியம், மாவட்டம், மாநிலம் என்று படியேறிப் போகும். இதை மாற்றத்தான் ஒன்றியம், மாவட்டம், மாநிலம், மத்திய அரசு என நான்கு மட்டங்களையும் ஆன்லைனில் இணைக்கும் தேசிய கால்நடை நோய் அறிவிப்பு முறை முன்பே உருவாக்கப்பட்டது. இப்போது நோய்ப் பதிவும் 'பாரத் பசுதன்' பக்கம் நகர்கிறது.

தகவல் சொல்வது வெறும் நல்லெண்ணம் அல்ல, சட்டம். கால்நடைகளின் தொற்றுநோய்த் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2009-ன்படி, பட்டியலில் உள்ள நோய் என்று சந்தேகம் வந்தாலே உரிமையாளர் தெரிவிக்க வேண்டும். அந்த மாட்டை மற்றவற்றில் இருந்து பிரித்துக் கட்டவும் வேண்டும்.

3. ஆய்வகம்: சந்தேகம் உண்மையா?

வாயில் புண் என்றாலே கோமாரி ஆகிவிடாது. மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டில் மாவட்ட அளவில் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுகள் இருக்கின்றன. தருமபுரியில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையமும் உண்டு. பறவைக் காய்ச்சல் போன்ற பெரிய சந்தேகம் என்றால் மாதிரி போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு ஆய்வகம் வரை போகும். இங்கே சாஃப்ட்வேரின் வேலை எளிமையானது, ஆனால் முக்கியமானது. எந்த மாட்டின் மாதிரி, எப்போது கிளம்பியது, எங்கே நிற்கிறது, முடிவு என்ன என்பதை ஒரே எண்ணில் கோத்து வைப்பது. கூரியர் மாதிரி டிராக்கிங் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

4. முன்கணிப்பு: பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் 'வெதர்மேன்'

இதில் பலருக்குத் தெரியாத ஒரு பெயர் 'நிவேதி'. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கால்நடை நோய்ப் பரவலியல் நிறுவனம் அது. இருப்பது பெங்களூரு எலகங்காவில், தருமபுரியில் இருந்து சில மணி நேரப் பயணம். இவர்கள் நடத்தும் 'நாட்ரெஸ்' என்ற சிஸ்டம், நாடு முழுக்க மாவட்டவாரியாக, இரண்டு மாதம் முன்கூட்டியே எந்த நோய்க்கு எவ்வளவு வாய்ப்பு என்று சொல்கிறது. அடைப்பான், தொண்டை அடைப்பான், சப்பை நோய், கோமாரி, ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி, நீலநாக்கு நோய் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. மொபைல் ஆப்பும் இருக்கிறது.

எப்படிக் கணிக்கிறார்கள்? அந்த மாவட்டத்தில் முந்தைய ஆண்டுகளில் எந்த மாதம் எந்த நோய் வந்தது, இப்போது மழை, வெப்பம், ஈரப்பதம், காற்று எப்படி, சாட்டிலைட் படத்தில் நிலத்தின் பசுமையும் வெப்பமும் எப்படி, எத்தனை கால்நடைகள் நெருக்கமாக இருக்கின்றன என்ற தகவல்களை மெஷின் லேர்னிங் மாடல்களில் போட்டு, அபாய அளவை 'மிக அதிகம்' முதல் 'இல்லை' வரை தரம் பிரிக்கிறார்கள்.

செம்மறிக்கு வரும் நீலநாக்கு நோயைப் பாருங்கள். இதைப் பரப்புவது ஒருவகைக் குட்டிக் கொசு. வடகிழக்குப் பருவமழையில் சேறும் ஈரமும் சேர்ந்தால் அது பெருகும். எனவே மழையைக் கணிக்க முடிந்தால் இந்த நோயின் அபாயத்தையும் ஓரளவு கணிக்கலாம். 'ஓரளவு' என்பதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். '70 சதவீதம் மழை வாய்ப்பு' என்று சொன்ன நாளில் வெயில் அடிப்பதில்லையா, அதேபோலத்தான். இந்தக் கணிப்பின் பயன், ஊசி மருந்தை எந்த மாவட்டத்துக்கு முதலில் அனுப்பலாம் என்று முடிவெடுப்பதில் இருக்கிறது.

5. அவசர நடவடிக்கை: வட்டம் போடுவது

நோய் உறுதியானதும் மேப்பில் ஒரு வட்டம் விழும். உதாரணமாக, பறவைக் காய்ச்சலுக்கும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கும் மத்திய அரசின் செயல்திட்டப்படி, மையத்தில் இருந்து ஒரு கிலோமீட்டர் நோய்ப் பகுதி, பத்து கிலோமீட்டர் வரை கண்காணிப்புப் பகுதி. வட்டத்துக்குள் எத்தனை வீடு, எத்தனை கால்நடை, எத்தனை டோஸ் தடுப்பூசி, எத்தனை குழு, எந்தச் சந்தையை மூடுவது, எங்கே புதைப்பது என்று அடுத்தடுத்துக் கேள்விகள் வரும். பதிவு சரியாக இருந்தால் இந்தக் கணக்கு சில நிமிடத்தில் கிடைக்கும். இல்லையென்றால் வீடு வீடாகப் போய்த்தான் எண்ண வேண்டும், அதற்குள் வைரஸ் அடுத்த ஊருக்குப் போயிருக்கும்.

அமெரிக்காவில் பல மாநிலங்கள் 'யுஎஸ்ஏஹெர்ட்ஸ்' என்ற சாஃப்ட்வேரில் கால்நடை நோய், பரிசோதனை, நடமாட்டம், அவசர நடவடிக்கை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கின்றன. அதைப் பற்றிய ஒரு சுவாரசியமான, கொஞ்சம் பயமுறுத்தும் கதையைப் பிறகு பார்ப்போம்.

2022: தோல் கழலை கற்றுக்கொடுத்தது

தோல் கழலை நோய் இந்தியாவில் முதலில் தெரியவந்தது 2019-ல், ஒடிசாவில். உடம்பெல்லாம் கட்டி கட்டியாக எழும்பும். கடிக்கும் ஈ, கொசு, உண்ணி வழியாகப் பரவும். 2022-ல் குஜராத், ராஜஸ்தான் பக்கம் வெடித்து, நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளைக் கொன்றது. இதற்கென்று தனித் தடுப்பூசி அப்போது சந்தையில் இல்லை. வெள்ளாட்டம்மைத் தடுப்பூசியைத்தான் மாடுகளுக்குப் போட்டார்கள். ஹிசார் குதிரை ஆராய்ச்சி மையமும் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனமும் உருவாக்கிய 'லம்பி புரோவாக் இண்ட்' 2022 ஆகஸ்ட்டில்தான் அறிமுகமானது.

அந்த நேரத்தில் எந்தத் தாலுகாவில் எத்தனை மாடு, எத்தனைக்கு ஊசி போட்டாச்சு என்று அன்றாடம் தெரிந்தால்தான் கையில் இருக்கும் டோஸை நோய் போகும் பாதைக்கு முன்னால் கொண்டுபோய்ப் போட முடியும். நோய் வந்த ஊரில் போடுவதைவிட, வரப்போகும் ஊரில் போடுவதில்தான் பலன் அதிகம்.

பயிருக்கு எப்படி?

மாட்டுக்குக் காது இருக்கிறது, வில்லை மாட்டலாம். ஒரு ஏக்கர் மரவள்ளிக்கு என்ன மாட்டுவது? அங்கே கண்காணிப்பு என்பது படமும் இடமும்தான்.

2024 ஆகஸ்ட் 15-ம் தேதி மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சௌகான் 'தேசிய பூச்சி கண்காணிப்பு முறை'யைத் தொடங்கி வைத்தார். பாதிக்கப்பட்ட இலையை மொபைலில் படம் எடுத்தால், ஏஐ பூச்சியை அடையாளம் காண முயலும். 61 பயிர்கள் இதில் அடங்கும். முக்கியமான 15 பயிர்களுக்கு ஆலோசனையும் கிடைக்கும். படத்தோடு இடமும் தேதியும் பதிவாவதால், பலர் அனுப்பும் படங்கள் சேர்ந்து ஒரு பூச்சி எந்தத் திசையில் நகர்கிறது என்று காட்டும். தமிழ்நாடு அரசின் 'உழவன்' செயலியிலும் பூச்சி, நோய் கண்காணிப்புப் பரிந்துரைக்கு ஒரு பகுதி இருக்கிறது. மரவள்ளிக்கென்றே ஆப்பிரிக்காவில் 'நூரு' என்ற ஆப் பயன்படுகிறது. சிக்னல் இல்லாத காட்டிலும் அது வேலை செய்யும். பென்னாகரம் மலையோரத்தில் டவர் தேடி அலைந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

கண்காணிப்பு எப்படி உண்மையில் பலன் தருகிறது என்பதற்குத் தருமபுரிக்காரர்கள் வெளியூர் போகத் தேவையில்லை. மாவுப்பூச்சிக் கதையே போதும்.

2008-ல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி முதலில் தென்பட்டது. பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, மரவள்ளி என்று பாய்ந்தது. பட்டுப்புழு வளர்ப்பவர்கள் மல்பெரியில் மருந்தும் அடிக்க முடியாது, அடித்தால் புழு செத்துவிடும். 2010-ல் அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு போர்ட்டோ ரிகோவில் இருந்து ஒட்டுண்ணிக் குளவிகள் வரவழைக்கப்பட்டு விடப்பட்டன. மாவுப்பூச்சி அடங்கியது.

2020-ல் இன்னொன்று வந்தது: மரவள்ளி மாவுப்பூச்சி. முதலில் கேரளத்தின் திருச்சூரில் கண்டுபிடிக்கப்பட்டது; பிறகு சேலம், நாமக்கல், தருமபுரி மரவள்ளிக் காடுகளுக்கு ஏறியது. நுனிக்குருத்து சுருண்டு, கொத்தாகிப் போகும், செடி வளராது, கிழங்கு பிடிக்காது. இதே பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கான மக்களின் உணவையே ஆட்டிப் பார்த்தது. தென் அமெரிக்காவில் அதன் இயற்கை எதிரியைத் தேடி, பராகுவேயில் ஒரு சின்னக் குளவி கண்டுபிடிக்கப்பட்டது. அந்தப் பணியை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெரன் 1995-ல் உலக உணவுப் பரிசு பெற்றார்.

அதே குளவியை, ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் இருந்து பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள ஆதார நிறுவனம் இறக்குமதி செய்தது. தனிமைப்படுத்திச் சோதித்து, பெருக்கி, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். கடுகளவுகூட இல்லாத அந்தக் குளவி, மாவுப்பூச்சிக்குள் முட்டை இட்டு, உள்ளிருந்தே அதைத் தின்றுவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது, பூச்சியின் சரியான பெயர் தெரிந்ததால்தான் சரியான எதிரியைக் கொண்டுவர முடிந்தது. பப்பாளி மாவுப்பூச்சிக்கான குளவி மரவள்ளி மாவுப்பூச்சியைத் தொடாது. இரண்டும் கண்ணுக்கு வெள்ளை மாவு மாதிரிதான் தெரியும். எனவே 'ஏதோ மாவுப்பூச்சி' என்ற பதிவுக்கும் சரியான இனப் பெயரோடு வரும் பதிவுக்கும் இடையே ஒரு போகமே தொங்குகிறது.

தவறான அலாரமும் உண்டு

2020 மே மாதம். வட இந்தியாவில் பாலைவன வெட்டுக்கிளிகள் கூட்டம் கூட்டமாக இறங்கிய நேரம். பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தில், வேப்பனப்பள்ளி பக்கம் நேரலகிரியில் எருக்கஞ்செடிகளில் வெட்டுக்கிளிகள் மொய்க்க, வாட்ஸ்அப்பில் வீடியோ பறந்தது. வேளாண் துறையினர் போய்ப் பார்த்தார்கள். அது எருக்கைத் தின்னும் உள்ளூர் வெட்டுக்கிளி, பாலைவன வகை அல்ல.

அந்தப் பதற்றத்தைக் கிண்டல் செய்யத் தேவையில்லை. மக்கள் பார்த்தார்கள், சொன்னார்கள், நிபுணர்கள் வந்து உறுதி செய்தார்கள். நல்ல கண்காணிப்பு என்பது இதுதான். பத்து தவறான அலாரம் வரட்டும், பதினொன்றாவது உண்மையானதாக இருக்கும்போது யாரும் மௌனமாக இருக்கக் கூடாது. நல்ல சாஃப்ட்வேரில் 'சந்தேகம்', 'உறுதி', 'இல்லை' என்று மூன்றுக்கும் தனித்தனி இடம் இருப்பது இதனால்தான்.

அப்படியென்றால் ஓட்டை எங்கே?

முதல் ஓட்டை, பயம். மாட்டுக்கு நோய் என்று சொன்னால் பால் சொசைட்டியில் பால் எடுக்காமல் விட்டால் என்ன செய்வது? சந்தையை மூடினால்? ஊரில் எல்லோரும் நம்மைக் குறை சொன்னால்? ஒரு கறவை மாட்டை நம்பி மாதக் கடனைக் கட்டும் குடும்பத்துக்கு இந்தப் பயம் நியாயமானது. 'ரெண்டு நாள் பார்ப்போம்' என்று தள்ளிப்போடுவார்கள். மேலே போட்ட கணக்கில் அந்த இரண்டு நாளின் விலை என்ன என்று பார்த்தோம்.

இதை எந்த ஆப்பும் தீர்க்காது, பணம் தீர்க்கும். 2022-ல் தோல் கழலையால் மாடு செத்தால் மகாராஷ்டிர அரசு கறவை மாட்டுக்கு 30,000 ரூபாய் வரை இழப்பீடு அறிவித்தது. சொன்னால் நஷ்டம் இல்லை என்று தெரிந்தால்தான் மக்கள் சொல்வார்கள். இழப்பீடு என்பது கருணை அல்ல. முதல் தகவலுக்கு அரசு தரும் விலை.

இரண்டாவது, கைமாறும் மாடு. காதில் எண் இருக்கிறது, ஆனால் சந்தையில் விற்றபின் புதிய உரிமையாளர் பெயருக்கு மாற்றவில்லை என்றால்? ரெக்கார்டில் மாடு காரிமங்கலத்தில் இருக்கும், நிஜத்தில் வேறு மாவட்டத்தில் மேயும். செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கி ஆர்.சி. மாற்றாமல் ஓட்டுவதைப் போலத்தான். பைக் யாருக்கும் கோமாரி ஒட்டாது, அவ்வளவுதான் வித்தியாசம். முள்காட்டில் மேயும் பட்டி மாடுகளுக்கு வில்லை பிய்ந்து விழுவதும் நடக்கக்கூடியதே.

மூன்றாவது, ஆள். டேட்டாவைப் போடுவது சாஃப்ட்வேர் அல்ல, கால்நடை டாக்டரும் ஆய்வாளரும் உதவியாளரும்தான். ஒரு கையில் ஊசி, மறு கையில் மொபைல் என்றால், எந்த மனிதரும் முதலில் ஊசியைத்தான் பார்ப்பார். பதிவு மாலைக்குத் தள்ளிப் போகும். ஒரு முகாமில் வரிசையாக நிற்கும் மாடுகளின் எண்ணை அவசரத்தில் தவறாகத் தட்டினாலும், மேப் அதை உண்மை என்றே நம்பும்.

நான்காவது, பாதுகாப்பு. மேலே சொன்ன அமெரிக்க சாஃப்ட்வேர் கதைக்கு வருவோம். 2022 மார்ச்சில் சைபர் பாதுகாப்பு நிறுவனமான மேண்டியன்ட் ஓர் அறிக்கை வெளியிட்டது. சீன அரசோடு தொடர்புடையது என்று கருதப்படும் 'ஏபிடி41' என்ற ஹேக்கர் குழு, குறைந்தது ஆறு அமெரிக்க மாநில அரசுகளின் நெட்வொர்க்கில் நுழைந்திருந்தது. அதற்குப் பயன்பட்ட வழிகளில் ஒன்று 'யுஎஸ்ஏஹெர்ட்ஸ்'. அந்த சாஃப்ட்வேரை எங்கே நிறுவினாலும் உள்ளே ஒரே ரகசியச் சாவி இருந்தது. ஒரு இடத்தில் சாவி கிடைத்தால், எல்லா இடத்தின் பூட்டும் திறக்கும். பிறகு அது சரிசெய்யப்பட்டது.

மாட்டு டேட்டாவை எவன் திருடப் போகிறான் என்று நினைக்கலாம். மாட்டுக்காக யாரும் வரவில்லை. அரசின் நெட்வொர்க்குக்குள் நுழைய, யாரும் கவனிக்காத பின்கதவு தேவைப்பட்டது. கோடிக்கணக்கான விவசாயிகளின் பெயரும் மொபைல் எண்ணும் உள்ள எந்தத் தளத்துக்கும் இது எச்சரிக்கை. ஐ.டி. துறையில் இருக்கும் வாசகர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வென்ற நோயும் இருக்கிறது

இதெல்லாம் கேட்டு மலைப்பாக இருந்தால் ஒரு நல்ல செய்தி. ஒருகாலத்தில் மந்தை மந்தையாக மாடுகளைக் கொன்ற ரிண்டர்பெஸ்ட் என்ற வெக்கை நோய் இன்று உலகத்திலேயே இல்லை. 2011-ல் ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. மனிதருக்கு வரும் பெரியம்மைக்குப் பிறகு உலகில் இருந்து முழுதாக ஒழிக்கப்பட்ட இரண்டாவது நோய் அது. இந்தியாவில் அதை முடித்துவைத்தது தடுப்பூசி மட்டுமல்ல, ஊர் ஊராகப் போய் 'இங்கே இன்னும் இருக்கிறதா?' என்று தேடிய கண்காணிப்பும்தான். அப்போது மொபைல் ஆப் கிடையாது. தபாலும் ஜீப்பும்தான். ஆக, தொழில்நுட்பம் இல்லாமலும் முடியும். ஆனால் தேடுகிற ஆளும், மறைக்காமல் சொல்கிற உரிமையாளரும் இல்லாமல் முடியாது.

நீங்கள் என்ன செய்யலாம்?

• ஊருக்குப் போனால் மாட்டின் காதுவில்லை எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வில்லை விழுந்திருந்தால் மருந்தகத்தில் சொல்லி மறுபடி போடச் சொல்லுங்கள். காப்பீடு எடுத்த மாடு என்றால், வில்லை இல்லாமல் இழப்பீடு கேட்பது கஷ்டம்.

• பதிவில் உள்ள மொபைல் எண் இப்போதும் வீட்டில் பயன்படுகிறதா என்று பாருங்கள். பழைய சிம் எண் என்றால் மாற்றச் சொல்லுங்கள்.

• மாடு வாங்கினாலோ விற்றாலோ பெயர் மாற்றம் கேளுங்கள். புதிதாக வாங்கிய மாட்டைச் சில வாரங்கள் தனியாகக் கட்டுங்கள்.

• கோமாரி முகாம் எப்போது என்று விசாரித்து, தவறவிடாமல் போட வையுங்கள். நான்கு மாதத்துக்குக் குறைவான கன்று, நிறைமாதச் சினை மாடு என்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும்.

• எச்சில் ஒழுகல், வாய்ப்புண், நொண்டல், உடம்பில் கட்டி, திடீர்க் கருச்சிதைவு போன்றவை தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். மருந்தகத்துக்கோ 1962 என்ற எண்ணுக்கோ உடனே பேசுங்கள்.

• மாடோ ஆடோ திடீரென்று செத்து, மூக்கு, ஆசனவாயில் உறையாத ரத்தம் வந்தால் அது அடைப்பானாக இருக்கலாம். அறுக்கவோ தோலுரிக்கவோ கூடாது. மனிதருக்கும் தொற்றும், கிருமியின் வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும்.

• பயிரில் சந்தேகம் என்றால் நல்ல வெளிச்சத்தில், இலையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுங்கள். ஆப் சொல்லும் பெயரை மட்டும் நம்பி மருந்து வாங்காதீர்கள். உதவி வேளாண் அலுவலரிடமோ பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ ஒருமுறை காட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. இந்த சிஸ்டம் முழுவதிலும் சர்வர் இருக்கிறது, சாட்டிலைட் இருக்கிறது, ஏஐ இருக்கிறது. ஆனால் இவை எல்லாம் விழித்துக்கொள்வது, 'எங்க மாடு ரெண்டு நாளா தீனி எடுக்கலை சார்' என்று தொழுவத்தில் நின்று ஒருவர் போன் செய்யும்போதுதான். அந்த போனை அம்மா எடுக்கத் தயங்கினால், இங்கிருந்தே நீங்கள் செய்யுங்கள்.